புதுசு முன்னாடி

எண்ணூர் சாலையில் கண்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டுநர்களுக்குப் போலீஸைவிட ரமாபாயிடம் பயம் அதிகம். போலீஸிடம் பேசித் தப்பிக்கலாம். திருவொற்றியூரில் சுடலைராஜின் டயர் கடை வாசலில் காற்றடிக்க நிறுத்தினால் போதும், அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன் சக்கரத்தின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். டயரின் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்ப்பாள். நகம் முழுகினால் பிழைத்தார்கள். முழுகாவிட்டால் டயர் மேல் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

"எக்கா, இது இன்னொரு வாட்டி பம்பாய் போய்ட்டு வரும்க்கா" என்று டில்லிபாபு ஒவ்வொரு முறையும் கெஞ்சுவான்.

"போவும். வருமான்னு அதுக்கே தெரியாது. கயட்டி பின்னாடி தள்ளு. புதுசு முன்னாடி."

"பின்னாடி வெடிச்சா மட்டும் இன்னாவாம்?"

"பின்னாடி ஒரு மந்தையே கீது. ஒண்ணு போனா மத்தது இஸ்த்துக்கினு வரும். முன்னாடி இன்னா கீது? ரெண்டே ரெண்டு. அதுல ஒண்ணு போச்சின்னா ஸ்டேரிங் உன் பேச்ச கேக்காது. அப்பால உன் பொண்டாட்டி வந்து இங்க குந்திக்கினு அழுவா. அந்த அழுகைய நான் கேக்கணுமா?"

ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயரே 'புதுசு முன்னாடி அக்கா'.

அந்தச் சட்டத்தை அவளுக்குக் கொடுத்தவன் அவளுடைய அண்ணன் மதி. செத்துக் கொடுத்தான். அவன் ஓட்டிய டிரெய்லரின் முதலாளி, சுமையெல்லாம் பின்னால்தானே என்று வாங்கிய புது டயர்களைப் பின்னால் போட்டுவிட்டு, தேய்ந்ததை முன்னால் விட்டுவைத்திருந்தார். மணலி சாலையில் முன் டயர் வெடித்தது. வண்டி தன் இஷ்டத்துக்குத் திரும்பிப் போய்ச் சாலையோரச் சுவரில் மோதியது. செய்தி கேட்டு வியாசர்பாடியிலிருந்து ஓடிவந்த ரமாபாய் அண்ணனின் முகத்தைப் பார்த்தாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. கம்பியெல்லாம் வெளியே துருத்திக்கொண்டு, நாய் கடித்துப் போட்ட செருப்பைப் போல் சாலையில் கிடந்த அந்த டயர் மட்டும் கண்ணிலேயே நின்றது. காரியம் முடிந்த மறுநாள், அண்ணன் கடைசியாகக் காற்றடித்த கடை எது என்று விசாரித்துக்கொண்டு வந்து சுடலைராஜின் முன்னால் நின்றாள். "எங்கண்ணன் வண்டி முன் டயர நீ பாத்தியா, இல்லியா?" சாத்தான்குளத்திலிருந்து வந்து கடை போட்ட மனிதர் அவளை உட்கார வைத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். ஒரு நாள் அவர் கேட்காமலேயே கடப்பாரையைக் கையில் எடுத்தாள். அன்றிலிருந்து அவள் கடையாள்.

அவள் புருசன் எழிலன் அவளுக்கு நேர் எதிர். டயர் தேயவே தேயாத வண்டிகளை ஓட்டியவன். கார் தொழிற்சாலையிலிருந்து வந்து துறைமுகத்து மைதானத்தில் நிற்கும் புத்தம் புதிய கார்களை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போய்க் கப்பலின் வயிற்றுக்குள் நிறுத்துவது அவன் வேலை. ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் நடுவே உள்ளங்கை நுழையும் இடம்தான் இருக்கும். கீறல் விழக் கூடாது என்பதற்காக ஓட்டுநர்கள் இடுப்பில் பெல்ட் போடக் கூடாது, மோதிரம் கூடாது, கைக்கடிகாரம் கூடாது. போனை அணைத்து வாசலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டு ஸ்கூட்டரை எடுக்கும்போதுகூட எழிலன் முதலில் போனை அணைப்பான். ரமாபாய் கேலி செய்வாள். "இன்னாய்யா, பொன்னேரிக்கா போற, பொன்னுலகத்துக்கா? ஒரு போன் எடுத்தா குறஞ்சா பூடுவ?"

"வண்டில குந்திட்டா கை மட்டும்தாமே நானு. மத்ததெல்லாம் வெளிய."

அந்தக் கை ஒரு மழை நாளில் ஏமாற்றியது. ஈரமான சாய்தளத்தில் ஏறிப்போய்க் கப்பலுக்குள் வளைத்தபோது ஒரு காரின் கன்னம் தூணில் உரசிவிட்டது. ஒப்பந்தக்காரர் மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார். மழைதான் காரணம் என்று கூட இருந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எழிலன் நம்பவில்லை. அதன் பிறகு அவன் ஸ்கூட்டரையும் தொடவில்லை. கொருக்குப்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போவதானாலும் நடந்தே போனான். சாப்பிட உட்காரும்போது சோற்றில் கை வைக்கும் முன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். "பூட்ச்சிமே" என்பான். கை போய்விட்டதாம். அண்ணனை ஒரேயடியாகப் பறிகொடுத்தவள் அவள். புருசன் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தான்.

அதனால்தான் பென்னியின் பேச்சு காதில் விழுந்ததும் துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பென்னி ராயபுரத்தில் கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் மொத்த வியாபாரி. பூர்வீகம் நாகர்கோவில். அவருடைய கிடங்கு லாரிகளுக்கெல்லாம் டயர் சுடலைராஜ் கடையில்தான். அவரிடம் ஒரு சிவப்புக் கார் இருந்தது. இரண்டே பேர் உட்காரலாம். கூரை இடுப்பளவு உயரம். கிளப்பினால் பக்கத்துத் தெருவில் குழந்தை எழுந்து அழும். ராயபுரத்துப் பள்ளங்களில் அதை ஓட்டி ஓட்டி முதுகு போனதால் பெங்களூரில் ஒருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவரிடம் அந்த ரகத்தில் இன்னும் பல வண்டிகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ளக் கை சுத்தமான ஒரு ஓட்டுநரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம வண்டி அங்க நிக்கணும். மறுநா அவரு வெளிநாட்டுக்குப் போறாரு" என்று பென்னி சுடலைராஜிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கொண்டு விடுத ஆள் நல்லா ஓட்டுனா அவனையே வேலைக்கு வச்சுக்கிடுவாராம். நமக்கு யாரத் தெரியும்?"

"சார், எம் புருசன் கீறாரு சார்" என்றாள் ரமாபாய்.

பென்னி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கப்பல்ல கார் ஏத்துவானே, அவனா? இடிச்சிட்டான்னு சொன்னாங்க?"

"ஒரு வாட்டி சார். அதுக்கு முன்னாடி எத்தினி கார் ஏத்துனாருன்னு அந்தக் கப்பல கேளுங்க சார்."

சுடலைராஜும் இரண்டு வார்த்தை சொன்னார். பென்னி இளகினார். ஆனால் ஒரு நிபந்தனை. வண்டியின் நாலு டயரும் தேய்ந்திருந்தன. குறைந்தது இரண்டாவது மாற்றாமல் மழைக்காலத்தில் அவ்வளவு தூரம் அனுப்பக் கூடாது என்று வாங்கியவர் சொல்லியிருந்தார். மீதி இரண்டை அங்கே போனதும் அவரே மாற்றிக்கொள்வார். கலப்படமாக வேறு வேறு கம்பெனி டயர் மட்டும் போடவேண்டாம் என்று பென்னியும் சேர்த்துச் சொன்னார்.

"எங்கக்கா மவ ஜெமிமா மவுண்ட் ரோட்டுல இந்த மாதிரி காருக்கு டயர் விக்குத கடைலதான் வேல பாக்கா. நீ டயர்லயே கெடக்கவ. போய் எது வேணும்னு நீயே பாத்து எடு" என்றார் பென்னி.

போவதற்கு முன் ரமாபாய் காரைப் பார்க்கப் போனாள். எஞ்சினைப் பார்க்க முதலில் முன் மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு காலித் தொட்டி, ஒரு பெட்டி வைக்கும் அளவுக்கு. எஞ்சினைக் காணோம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சார், உங்கள ஏமாத்திட்டானுங்க சார். வண்டிக்கு எஞ்சினே இல்ல!"

"பின்னால இருக்கு பிள்ளே" என்றார் பென்னி. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எழிலனிடம் போய்ச் சொல்ல ஒரு வேடிக்கை கிடைத்த சந்தோஷம். பின் டயர்களை நகம் விட்டுப் பார்த்தாள். பாதி நகம்கூட முழுகவில்லை. டிரெய்லரானால் பின்னால் தள்ளி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மவுண்ட் ரோடு கடையில் ஏசி குளிர்ந்தது. டயர்களை நகைக்கடை மாதிரி விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். ஜெமிமா சின்னப் பெண். கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு, அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். அந்தக் காரின் முன் டயரும் பின் டயரும் ஒரே அளவு இல்லை என்று முதலில் காட்டினாள். பின் டயர் தலையணை மாதிரி அகலம். இதில் இருப்பதை அதில் மாற்றிப் போட முடியாது.

"நாலும் செட்டா வருதுக்கா. ஆனா கப்பல்ல நிக்குது. புயல் கூண்டு ஏத்தினதால கப்பல் எல்லாத்தயும் கடலுக்குள்ள தள்ளி நிறுத்தி வச்சிருக்காங்க. எப்ப உள்ள விடுவாங்கன்னு தெரியாது."

"ஞாயித்துக்கெழம வண்டி பெங்களூர்ல நிக்கணும்மா."

"அப்படின்னா கையில இருக்கறது இவ்வளவுதான்." ஜெமிமா மூன்று ஜோடியைக் காட்டினாள். முதல் ஜோடியில் ஓரிரு கோடுகளைத் தவிரப் பள்ளமே இல்லை.

ரமாபாய் தடவிப் பார்த்தாள். "இன்னாமா இது, புது டயரே மொட்டையா கீது? இத்த நான் என் கடைல மாட்டுனா ஓட்டுநருங்க என்னையே மொட்ட அடிச்சிருவானுங்க."

ஜெமிமா சிரித்தாள். "ரேஸ் டயர்க்கா. காஞ்ச ரோட்டுல பச போட்ட மாதிரி ஒட்டும். மழைக்கு ஆவாது."

அது கழிந்தது. இரண்டாவது ஜோடி முன் சக்கரத்துக்கானது. காரில் இப்போது ஓடும் அதே கம்பெனி. பக்கவாட்டில் அச்சடித்த எண்ணில் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் ரமாபாய் பார்த்தாள். புதுசு. மூன்றாவது ஜோடி பின் சக்கரத்துக்கானது. அதுவும் புதுசு, ஆழமான பள்ளம், ஆனால் வேறு கம்பெனி.

"பென்னி சார் கலப்படம் வேணாம்னாரு" என்றாள் ரமாபாய்.

"ஒரே அச்சுல ரெண்டும் ஒண்ணா இருந்தா போதும்க்கா. நான் மாமாட்ட சொல்லிக்கிறேன். ரெண்டுதான் மாத்தறதுன்னா பின்னால மாத்துங்க. இந்த வண்டிக்கு எஞ்சின் பின்னால, இழுக்கறதும் பின் சக்கரம். மழைல பின்னால வழுக்குனா கையில நிக்காது."

ரமாபாய் மூன்றாவது ஜோடியைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். எழிலனின் கை ஸ்டேரிங்கைப் பிடித்திருப்பது தெரிந்தது. முன் டயர் வெடிக்கும் சத்தம் கேட்டது. அது அண்ணன் கேட்ட சத்தம்.

"முன்னாடி குடும்மா."

"அக்கா, சொல்றதக் கேளுங்க..."

"நீ டயர பாத்திருக்க. நான் வெடிச்ச டயர பாத்துகீறேன்."

ஜெமிமாவின் சிரிப்பு போய்விட்டது. முன் ஜோடியை எடுத்துக் கட்டச் சொன்னாள்.

திரும்பும் வழியில் காசிமேட்டருகே பேருந்து ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. சாம்பல் நிறத் தண்ணீருக்கு அப்பால் கப்பல்கள் வரிசையாக நின்றன. அதில் ஏதோ ஒன்றின் வயிற்றில் நாலு டயரும் இருந்தன. கண்ணால் பார்க்கும் தூரம். நீந்திப் போய்க் கொண்டுவந்துவிடலாம் போல அவளுக்கு இருந்தது.

எழிலனைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. முதலில் முடியாது என்றான். பிறகு கையைப் பார்த்தான். கடைசியில் அவள் கத்தினாள். "முன்னாடி ரெண்டும் புதுசு போட்டுகீறேன்யா! என் கையால பாத்து எடுத்தது. ஸ்டேரிங் நீ சொன்னத கேக்கும். இதுக்கு மேல நான் இன்னா பண்றது, ரோட்ட பேத்து எடுத்தாந்து உன் மடில போடட்டா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

ஞாயிறு விடியலில் ராயபுரத்திலிருந்து கிளம்பினான். பெல்ட்டைக் கழற்றினான். மோதிரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். போனை அணைத்து இருக்கைக்கு அடியில் வைத்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. சிவப்பு வண்டி ரயில் நிலையச் சுவரோரம் திரும்பி மறைந்தது. ரமாபாய் மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள்.

மழை வலுத்தது. அவள் ஒரு கண்ணைச் சாலையில் வைத்து வேலை செய்துகொண்டிருந்தபோது, எண்ணூர் பக்கமிருந்து ஒரு காலி டிரெய்லர் வந்தது. எதிரே மாடு குறுக்கிட்டது. ஓட்டுநர் பிரேக் அடித்தார். வண்டியின் தலை நின்றது. வால் நிற்கவில்லை. நீண்ட காலிப் பலகை ஈரச் சாலையில் சத்தமில்லாமல் வழுக்கி, பக்கவாட்டில் சுற்றி வந்து, தலையையும் சேர்த்துத் திருப்பி நிறுத்தியது. யாருக்கும் அடிபடவில்லை. ஓட்டுநர் ஸ்டேரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர் கையால் ஆவதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை.

"முன் டயர் புதுசுதானே தாயி?" என்றார் சுடலைராஜ். "போன மாசம் நீதானே போட்ட?"

ரமாபாயின் கையிலிருந்த கடப்பாரை காலருகே விழுந்தது. காலித் தொட்டி கண்முன் வந்தது. முன் மூடியைத் திறந்து அவள் சிரித்த அந்தத் தொட்டி. முன்னால் எடையே இல்லை. பாரம் பின்னால். இழுப்பது பின்னால். அந்தப் பின் சக்கரம் வழுக்கினால் முன் சக்கரம் எவ்வளவு பிடித்தாலும் வண்டி சுற்றிவிடும். டிரெய்லரைத் தலைகீழாகப் போட்டது மாதிரி ஒரு வண்டி. அதற்கு டிரெய்லரின் சட்டத்தைப் போட்டு, புருசனை உட்கார வைத்து, மழையில் அனுப்பியிருக்கிறாள்.

"அண்ணாச்சி, நான் தப்பா போட்டுட்டேன். நான் தப்பா போட்டுட்டேன்."

"என்னத்தப் போட்ட?"

"புதுச முன்னாடி போட்டுட்டேன்!"

சுடலைராஜுக்குப் புரியவில்லை. கடையின் சட்டமே அதுதானே. அவள் அழுதுகொண்டே சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. எழிலனின் போன் அணைந்திருந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி. அணைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தக் குரல் ஒவ்வொரு முறையும் அதே மரியாதையோடு சொன்னது. பென்னிக்கு அடித்தாள், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சர்ச் ஆராதனையில் இருப்பார்.

சுடலைராஜ் ஓட்டுநர்களின் வாட்ஸாப் குழுவில் குரல் பதிவு போட்டார். "பெங்களூர் ரோட்டுல போற பிள்ளைகளா, நான் சுடலைராஜ் பேசுதேன். செவப்புக் காரு ஒண்ணு, தரையோட தரையாப் போவும். நம்ம ரமாபாய் வீட்டுக்காரரு ஓட்டுதாரு. பின் டயர் மோசம். எங்க பாத்தாலும் மறிங்க. ஒடனே மறிங்க."

பதில்கள் வந்துகொண்டே இருந்தன. மதுரவாயல் பக்கம் காணோம். ஸ்ரீபெரும்புதூரில் ஒருவர் முன்பே பார்த்தாராம், போய்விட்டதாம். ரமாபாய் போனைக் காதிலிருந்து எடுக்காமல் மழையிலேயே நின்றாள். வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சாமியையா, அண்ணனையா, யாரைக் கூப்பிட்டாள் என்று தெரியாது.

கடைசியில் டில்லிபாபுவின் குரல் வந்தது.

"எக்கா. வண்டி என் முன்னாடிதான் நிக்குது. பாலுசெட்டிசத்திரம் தாண்டி."

"நிறுத்திட்டியா?"

"நான் நிறுத்தலக்கா. அதுவா நின்னுகீது. மெட்ராஸ் பக்கம் பாத்துக்கினு நிக்குது."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அடி ஒண்ணும் இல்லக்கா, வண்டிலயும் இல்ல, அண்ணனுக்கும் இல்ல. ஒரே சுத்து சுத்திகீது போல, ஓரத்து சேத்துல எறங்கி நின்னுடுச்சி. நான் என் வண்டிய பின்னாடி மறைப்பா போட்டுட்டேன்."

"அவராண்ட போன குடுடா."

சற்று நேரம் மழைச் சத்தம் மட்டும். "பேச மாட்டேங்கறாருக்கா. மதகு மேல குந்திக்கினு கீறாரு. ரெண்டு கையையும் விரிச்சி வச்சி பாத்துக்கினே கீறாரு. கூப்ட்டா திரும்பல. எனக்கே பேஜாரா கீதுக்கா, சீக்கிரம் வா."

உயிர் இருக்கிறது என்ற நிம்மதி ஒரு கணம்தான் நின்றது. அவள் என்ன செய்துவிட்டாள் என்பது அப்புறம்தான் முழுசாக உறைத்தது. கை போய்விட்டது என்று நம்பிக் கிடந்தவனை, கை இருக்கிறது என்று சத்தியம் செய்து உட்கார வைத்தாள். இப்போது அவன் இனி ஒருபோதும் நம்பமாட்டான். போனில் உண்மையைச் சொன்னாலும் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பான். சொல்லிப் பயனில்லை, காட்ட வேண்டும்.

சுடலைராஜ் தன் குட்டியானை வேனைக் கிளப்பினார். முதலில் ராயபுரம்.

சர்ச்சில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. மழையில் நனைந்து, கையெல்லாம் கரியோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றதைப் பார்த்துக் கடைசி வரிசை திரும்பியது. பிறகு அடுத்த வரிசை. பாடகர் வரிசையிலிருந்த ஜெமிமா பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"நீ சொன்ன டயர் வேணும்மா. அந்தப் பின் டயர்."

நான் அப்போதே சொன்னேனே என்று அந்தப் பெண் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ரமாபாய்க்குக்கூடச் சற்று நன்றாக இருந்திருக்கும். "அவருக்கு ஒண்ணும் ஆகலல்ல?" என்றுதான் கேட்டாள். கடைச் சாவி வைத்திருப்பவருக்குப் போன் செய்தபடியே செருப்பைத் தேடினாள்.

பின்னாலேயே பென்னி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "என் வண்டி! வண்டிக்கு என்னாச்சு?"

"உங்க வண்டி முழுசா கீது சார்" என்றாள் ரமாபாய். "எம் புருசன்தான் முழுசா கீறாரான்னு தெரியல. வாங்குறவருக்கு போன் போட்டு லேட்டாவும்னு சொல்லுங்க. தப்பு டயர் எடுத்தவ மேலன்னு சொல்லுங்க."

கடையிலிருந்து டயர்களை ஏற்றிக்கொண்டு பாலுசெட்டிசத்திரம் தாண்டியதும் டில்லிபாபுவின் டிரெய்லர் மலை மாதிரி நின்றது. அதன் மறைவில் சேற்றுக்குள் அந்தச் சிவப்பு வண்டி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு. எழிலன் மதகின் மேல் நனைந்தபடி உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் சொன்னான், "பூட்ச்சிமே. நான் ஒண்ணுமே பண்ணல. லேசா பிரேக்க தொட்டேன். சுத்திடுச்சி. கை பூட்ச்சி."

ரமாபாய் மதகருகே போனாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பின் சக்கரத்தின் எதிரே உட்கார வைத்தாள். அவன் கட்டைவிரலை எடுத்து டயரின் பள்ளத்தில் அழுத்தினாள். நகம் முழுகவில்லை. அப்படியே முன் சக்கரத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே நகம் முழுவதும் உள்ளே போய்ச் சதை தட்டியது.

"தெரிதா?"

எழிலன் மறுபடி பின்னால் போனான். தானே விரலை வைத்துப் பார்த்தான். மறுபடி முன்னால்.

"பாரம் பூரா பின்னாடி. நான் புதுச முன்னாடி போட்டுட்டேன். அந்தப் பொண்ணு சொல்லிச்சிய்யா, பின்னாடி மாத்துங்கன்னு. நான் கேக்கல. தப்பு உன் கைமேல இல்லய்யா. நான்தான். நான்தான் உன்ன சுத்த வுட்டது."

"உங்கண்ணன் மதிக்காவா?"

அவள் தலையை ஆட்டினாள்.

எழிலன் டயரிலிருந்து விரலை எடுத்தான். பிறகு அவள் பக்கம் திரும்பாமலேயே சொன்னான், "வண்டி சுத்தும்போது செத்தேன்னு நெனச்சேன். நின்னதும் உசுரு கீதேன்னு வருத்தப்பட்டேன் ரமா. தெரியுமா உனக்கு?"

அவள் விரலில் இருந்த அவன் மோதிரத்தை மறு கையால் மூடிக்கொண்டாள். டில்லிபாபு நாகரிகமாகத் தன் வண்டியின் முன் டயரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான்.

பின் சக்கரங்களைக் கழற்றிக் குட்டியானையில் போட்டுக் காஞ்சிபுரத்தில் கார் டயர் மாட்டும் கடைக்குக் கொண்டுபோனார்கள். கடப்பாரை வைத்து நெம்பினால் விளிம்பு கீறிவிடும் என்று ரமாபாய் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றாள். புதுத் தலையணைகளை மாட்டித் திரும்பி வந்தபோதும் மழை விடவில்லை. எழிலன் இருக்கைக்கு அடியிலிருந்து போனை எடுத்துத் திறந்து, வாங்கியவருக்கு அடித்தான். வண்டி சுற்றியதைச் சொன்னான், மறைக்காமல். அந்தப் பக்கம் அவர் நெடுநேரம் பேசினார்.

"ஏத்திக்கினு போற லாரி அனுப்பறன்றாரு. நான் ஓட்டி வர வேணாமாம்."

சுடலைராஜ் உச்சுக்கொட்டினார். ரமாபாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வேணாம் சார்" என்றான் எழிலன் போனில். "டயர் வந்துடுச்சி. மெதுவா நானே எடுத்தாந்துடறேன். வேலைக்கு வச்சிக்கறதும் வேணான்றதும் அப்பால உங்க இஷ்டம். வண்டிய நான்தான் எடுத்தாரணும்." பதிலுக்குக் காத்திருந்தான். "சரி சார்" என்றான். அவர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

வண்டியில் இருந்த இன்னொரு இருக்கையில் ரமாபாய் கேட்காமலே ஏறி உட்கார்ந்தாள். தரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எழிலன் ஸ்டேரிங்கில் கை வைத்தான். அந்தக் கையை அவள் பார்த்தாள். பார்த்ததை அவனும் பார்த்தான்.

"போன அணை" என்றான்.

அணைத்தாள். டில்லிபாபு சாலையை மறித்துக்கொடுக்க, வண்டி மெதுவாகச் சேற்றிலிருந்து ஏறி, அரை வட்டம் அடித்து, மேற்கே திரும்பியது. மழை கண்ணாடியில் அறைந்தது. ரமாபாய் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை வளைத்துப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். டயர் அங்கிருந்து தெரியாது. அது அவளுக்கும் தெரியும்.

"இன்னாமே, பின்னாடியே பாத்துக்கினு வர?" என்றான் எழிலன். "ரோடு முன்னாடி கீது."